பூவின் முகத்தை நேராகப் பார்த்தால் ஒரு நட்சத்திரம்

காட்டுப்பாதை

வணக்கம் நண்பர்களே. கொஞ்ச நாளாக நடக்கப் போகும்போதெல்லாம் ஒரே வடிவத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன். நட்சத்திரம். தொடங்கியது ஒரு காட்டு ஓரத்தில். ஈரமான தரை, மரநிழல், கணுக்கால் உயரம்கூட வராத ஒரு பச்சைப் படர்செடி. அதன் நடுவே சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவுக்கு வெள்ளைப் பூக்கள். நின்று பார்த்தால் புள்ளிகள்தான். மண்டியிட்டு முகத்தைக் கிட்டே கொண்டுபோனபோது ஒவ்வொரு புள்ளியும் ஒரு நட்சத்திரம். எண்ணினேன், பத்து இதழ்.

பழந்தமிழில் நட்சத்திரத்துக்கு மீன் என்று பெயர். மின்னுவதால் மீன். அன்று அந்தத் தரையைப் பார்த்தபோது அந்தச் சொல் ஏன் வந்தது என்று கண்ணாலேயே புரிந்தது.

அதிலிருந்து தோட்டத்திலும் காட்டிலும் ஓவியங்களிலும் இந்த வடிவம் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. நீங்கள் கவனித்த நட்சத்திரப் பூக்களைச் சொல்லுங்கள். நீங்களே உற்றுப் பார்த்ததாக இருந்தால் இன்னும் நல்லது. அந்தப் பத்து இதழ் பூ என்ன என்று தெரிந்தாலும் சொல்லுங்கள்.

இலைநிழல்

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஸ்டெல்லாரியா என்று தோன்றுகிறது. அந்தப் பெயரிலேயே நட்சத்திரம் இருக்கிறது, லத்தீனில் ஸ்டெல்லா என்றால் விண்மீன். அதே செடிதான் என்றால் உங்கள் எண்ணிக்கையில் ஒரு திருத்தம் உண்டு. அதற்கு இதழ் பத்து இல்லை, ஐந்துதான். ஒவ்வோர் இதழும் நுனியிலிருந்து ஏறக்குறைய அடிவரை இரண்டாகப் பிளந்திருக்கும். முயல் காது மாதிரி.

அடுத்த முறை ஒரே ஓர் இதழை மெல்ல இழுத்துப் பாருங்கள். இரண்டு துண்டும் சேர்ந்தே வந்தால் சந்தேகம் இல்லை. தண்டையும் பாருங்கள். சாதாரண ஸ்டெல்லாரியாவில் மென்மயிர் தண்டைச் சுற்றி இருக்காது, ஒரு பக்கமாக ஒரே வரிசையில் ஓடும். ஒவ்வொரு கணுவிலும் அந்த வரிசை பக்கம் மாறும். பூதக்கண்ணாடி இருந்தால் எடுத்துப் போங்கள்.

கரிக்கோல்

நான் பூக்களை வரைகிறவன். அதனால் வரைகிற கையிலிருந்து சொல்கிறேன். ஒரு பூவை நட்சத்திரமாக்குவது இதழ் இல்லை, இதழுக்கு நடுவே இருக்கிற இடைவெளி. செம்பருத்திக்கும் ஐந்து இதழ், கத்தரிப்பூவுக்கும் ஐந்து முனை. செம்பருத்தியை யாரும் நட்சத்திரம் என்று சொல்வதில்லை, இதழ்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இடைவெளியை மூடிவிடுகின்றன. இடைவெளி கூர்மையாக உள்ளே இறங்கினால்தான் கண் அதை நட்சத்திரம் என்று படிக்கிறது. அதனால் நான் முதலில் இடைவெளிகளைத்தான் வரைவேன், இதழ் தானாக வந்துவிடும்.

அப்புறம் எண்ணிக்கை. ஐந்து முனை என்றால் முனைக்கு முனை 72 பாகை. ஆறு முனை என்றால் 60. கண் இந்த 12 பாகை வித்தியாசத்தை உடனே பிடித்துவிடும், ஆனால் கை தவறிக்கொண்டே இருக்கும். ஆறு முனைப் பூக்கள் பெரும்பாலும் ஒருவித்திலைத் தாவரங்கள், அதாவது விதைக்குள் ஒற்றை இலை உள்ளவை. உள் இதழ் மூன்று, அதே மாதிரி தோற்றமுள்ள வெளி இதழ் மூன்று. மழை லில்லியைத் திருப்பிப் பாருங்கள், மூன்று இதழ் வெளியே, மூன்று உள்ளே என்று தெளிவாகத் தெரியும். ஒன்றின் மேல் ஒன்று திருப்பி வைத்த இரண்டு முக்கோணங்கள் அவை. ஆறு இதழையும் ஒரே தளத்தில் வரைந்தால் பூ செத்துப்போகும். பல வருடம் அப்படித்தான் வரைந்துகொண்டிருந்தேன்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது லியொனார்டோ டா வின்சியின் ஒரு தாள். பெத்லகேம் நட்சத்திரம் என்று அழைக்கப்படும் ஆறு முனை வெள்ளைப் பூச்செடியை அவர் 1506க்கும் 1512க்கும் இடைப்பட்ட காலத்தில் வரைந்திருக்கிறார். இப்போது பிரிட்டிஷ் அரச சேகரிப்பில் வின்ட்சரில் இருக்கிறது. அதில் இலைகள் நீர்ச்சுழி மாதிரி சுழன்று போகும், எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் பூக்களைப் பாருங்கள். எதுவும் பாடப்புத்தகம் மாதிரி நேராக நிற்கவில்லை. ஒன்று பக்கம் திரும்பியிருக்கும், ஒன்று சாய்ந்திருக்கும். சாய்ந்த நட்சத்திரத்தில் கிட்டத்து முனை குறுகி, பக்க முனைகள் நீண்டு தெரியும் இல்லையா, அதை அவர் அப்படியே பிடித்திருக்கிறார்.

மொட்டுக்காவல்

கரிக்கோல் சொன்ன இடைவெளி எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டுமென்றால் மொட்டைப் பார்க்க வேண்டும். பூ விரிந்த பிறகு தெரிவது முடிவு மட்டும்தான்.

பள்ளித் தாவரவியலில் இதழமைவு என்று ஒரு பாடம் வரும், பலர் மறந்திருப்பீர்கள். மொட்டுக்குள் இதழ்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது அது. ஓரங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு மட்டும் நின்றால் தொடு இதழமைவு. ஒவ்வோர் இதழும் ஒரு பக்கத்து இதழை மூடி, மறுபக்கத்து இதழால் மூடப்பட்டால் திருகு இதழமைவு. தொடு இதழமைவில் ஓரங்கள் ஒட்டிய தையல் மாதிரி இருக்கும். தையல் பிரிந்தால் கூர்முனைகள், நடுவே சுத்தமான இடைவெளி.

இதற்கு நான் பார்த்ததிலேயே அழகான சாட்சி பலூன் பூ. பிளாட்டிகோடான் என்பது தாவரப் பெயர். மொட்டு காற்றடைத்த ஐங்கோணப் பை மாதிரி உப்பிக்கொண்டே போகும். ஐந்து தையல் கோடுகளும் வெளியிலிருந்தே தெரியும். ஒரு காலையில் தையல் நுனியில் விட்டுப்போகும், பை ஐந்து முனை நீல நட்சத்திரமாகத் திறக்கும். ஜப்பானில் இந்தப் பூவின் வடிவம் குடும்பச் சின்னமாகவே இருந்திருக்கிறது, 16ஆம் நூற்றாண்டுப் படைத்தலைவர் அகெச்சி மிட்சுஹிதேவின் சின்னம் இதுதான். அந்தச் சின்னத்தைப் பார்த்தால் வரைந்தவர் பூவை நேராக முகத்துக்கு முகம் பார்த்திருக்கிறார் என்பது தெரியும்.

இதே காரணத்தால்தான் நான் நந்தியாவட்டையையும் பெருங்கள்ளி என்கிற ப்ளுமேரியாவையும் நட்சத்திரத்தில் சேர்ப்பதில்லை. அவை திருகு இதழமைவு. காற்றாடி, நட்சத்திரம் இல்லை.

அந்திப்பூ

மொட்டுக்காவல் அண்ணா, இதில் நான் உங்களோடு உடன்படவில்லை. நட்சத்திர மல்லி என்று ஒரு கொடி இருக்கிறது, ஐந்து இதழும் ஒரே திசையில் திரும்பியிருக்கும். உங்கள் கணக்கில் அது காற்றாடி. ஆனால் இருட்டிய பிறகு ஒரு வேலி முழுக்க அது பூத்திருப்பதைப் பார்த்தவர்கள் அதற்கு வேறு பெயர் வைத்திருக்க முடியாது. பெயர் வைத்தவர்கள் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார்கள், நீங்கள் மொட்டைப் பிரித்துப் பார்க்கிறீர்கள். இரண்டும் பார்ப்பதுதான்.

என் பங்குக்கு ரங்கூன் மல்லி. நீளமான குழலின் நுனியில் ஐந்து முனை. அந்தியில் விரியும்போது வெள்ளை, மறுநாள் இளஞ்சிவப்பு, அப்புறம் நல்ல சிவப்பு. ஒரே கொத்தில் மூன்று நிறமும் தொங்கும். முதல் இரவு வெள்ளையாக மணத்தோடு இருக்கும்போது அந்துப்பூச்சிகள் வருகின்றன, நிறம் ஏறிய பிறகு பகலில் தேனீயும் பட்டாம்பூச்சியும் வருகின்றன. ஒரு மாலை ஒரு மொட்டுக்கு நூல் கட்டி அடையாளம் வைத்து, மூன்று நாள் தொடர்ந்து பார்த்தேன். முதல் நாள் மேல்நோக்கி நின்ற பூ சிவக்கச் சிவக்கத் தலை கவிழ்ந்தது.

மொட்டுக்காவல்

அந்திப்பூ, நீங்கள் சொன்னது நியாயம். பெயர் தூரத்திலிருந்து வந்தது என்று நான் யோசித்ததே இல்லை. நட்சத்திர மல்லியை ஒப்புக்கொள்கிறேன். பெருங்கள்ளிக்கு இன்னும் மனசு வரவில்லை.

பதிலுக்கு ஒன்று. காலைமலர்க்கொடியின் பூ முழு வட்டப் புனல், முனையே கிடையாது. ஆனால் உள்ளே பாருங்கள், நடுவிலிருந்து ஓரம்வரை ஐந்து பட்டைகள் ஓடும், பல வகைகளில் வேறு நிறத்தில். வட்டத்துக்குள் வரைந்த நட்சத்திரம். அதுவும் மொட்டின் வேலைதான். மொட்டு முறுக்கிய குடை மாதிரி இருக்கும்போது வெளியே தெரிவது அந்த ஐந்து பட்டைகள் மட்டும். நடுவே உள்ள மெல்லிய பகுதி உள்ளே மடிந்து கிடக்கும். குடைக் கம்பியும் குடைத் துணியும் போல. மாலையில் வாடும்போதும் அந்தக் கம்பிகள் உள்நோக்கிச் சுருண்டுதான் பூவை மூடுகின்றன.

கருவண்டு

நட்சத்திரப் பூ பார்க்க எங்கும் போக வேண்டாம், காய்கறிப் பாத்திக்குப் போங்கள். கத்தரி ஊதா நட்சத்திரம், சுண்டை வெள்ளை நட்சத்திரம், தக்காளி மஞ்சள் நட்சத்திரம். மிளகாய், உருளை எல்லாம் அதே குடும்பம். பெரிய காய் காய்க்கும் தக்காளி ரகங்களில் ஆறு ஏழு முனைகூட வரும், எண்ணிப் பாருங்கள்.

எனக்கு இந்தப் பூக்களில் பிடித்தது நடுவே இருக்கிற கூம்பு. மகரந்தப்பைகள் ஒன்றாகக் குவிந்து மஞ்சளாக நீட்டிக்கொண்டிருக்குமே, அதுதான். பெரும்பாலான பூக்களில் மகரந்தப்பை நீளவாக்கில் வெடிக்கும், தூள் வெளியே வந்துவிடும். கத்தரியில் நுனியில் ஒரு சின்ன ஓட்டை மட்டும். உப்பு டப்பா மாதிரி. குலுக்கினால்தான் வரும். கருவண்டு வந்து கூம்பைக் கட்டிப்பிடித்து, இறக்கையை அசைக்காமல் நெஞ்சுத் தசையை மட்டும் அதிரவைக்கும். பறக்கும்போது கேட்கும் ரீங்காரத்தைவிட உச்சத்தில் ஒரு ஓசை வரும், தூள் பொலபொலவென்று கொட்டும். சாதாரணத் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. மூடிய கூடாரத்துக்குள் தக்காளி வளர்ப்பவர்கள் சிலர் மின் பல்துலக்கியைப் பூக்காம்பில் வைத்து இதே வேலையைச் செய்கிறார்கள். நானும் செய்து பார்த்தேன், வேலை செய்கிறது.

இந்த நட்சத்திர வடிவமும் அந்த வண்டும் ஒன்றுக்கொன்று பழகியவை என்றுதான் எனக்குப் படுகிறது. போரேஜ் என்ற நீலப்பூ வேறு குடும்பம், ஆனால் அதிலும் பின்னோக்கி விரிந்த ஐந்து முனை, நடுவே கறுத்த கூம்பு, அதே அதிர்வு வேலை. வண்டு பிடித்துத் தொங்க வசதியாகக் கூம்பு முன்னே நிற்கிறது, இதழ்கள் வழிவிட்டுப் பின்னே வளைகின்றன.

பனிமுகடு

இதழே இல்லாத நட்சத்திரங்களும் உண்டு. எடல்வைஸ் என்ற மலைப்பூவின் படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள், ஆஸ்திரியாவின் 2 சென்ட் நாணயத்தில்கூட இருக்கிறது. கம்பளி போர்த்திய வெள்ளை நட்சத்திரம். அந்த வெள்ளை முனைகள் ஒன்றுகூட இதழ் இல்லை. பூவடியில் இருக்கிற இலைகள் அவை, வெள்ளை மயிர் போர்த்தியவை. உண்மையான பூக்கள் நடுவே மஞ்சளாகத் தெரிகிற சின்னச் சின்ன உருண்டைகளுக்குள் இருக்கின்றன. கிறிஸ்துமஸ் சமயத்தில் எல்லோரும் வைக்கிற சிவப்புப் பாயின்செட்டியாவும் அப்படித்தான், சிவப்பு முழுக்க இலை.

ஆஸ்டர் பூவை மட்டும் உண்மையான நட்சத்திரம் என்று சொல்லலாம், கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்கே நட்சத்திரம் என்று பொருள். அதன் ஊதா இதழ்கள் கதிர் மாதிரி விரியும்.

இலைநிழல்

பனிமுகடு, எடல்வைஸ் பற்றிச் சொன்னது சரி, ஆஸ்டரில் சின்னத் திருத்தம். நீங்கள் இதழ் என்று சொல்கிற ஒவ்வொன்றும் ஒரு தனிப் பூ. ஆஸ்டர், சூரியகாந்தி, சாமந்தி எல்லாம் தலைமஞ்சரி, ஒரு தட்டில் நூற்றுக்கணக்கான பூக்கள். ஓரத்துப் பூ ஒவ்வொன்றும் ஒரு பக்கமாக நீண்டு கதிராகிறது. நடுத்தட்டுப் பூக்களைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள், ஒவ்வொன்றும் ஐந்து முனையுள்ள குட்டிக் குழல். ஆக பெரிய நட்சத்திரத்தின் நடுவே நூறு சின்ன நட்சத்திரம். முதன்முதலில் அதைப் பார்த்த அன்று வேறு எந்த வேலையும் ஓடவில்லை எனக்கு.

காட்டுப்பாதை

எடல்வைஸை "உண்மையான நட்சத்திரம் இல்லை" என்ற கணக்கில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பூச்சியை அழைக்கிற வேலையை இதழ் செய்தால் என்ன, இலை செய்தால் என்ன? ஒரே வடிவத்துக்கு வெவ்வேறு உறுப்புகள் வந்து சேர்ந்திருக்கின்றன என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

கரிக்கோல்

அது போலவே ஒளிந்திருக்கிற ஒரு நட்சத்திரம் காட்டு ரோஜாவில் இருக்கிறது. பூவைத் திருப்பிப் பின்பக்கம் இருக்கும் ஐந்து புல்லி இதழ்களைப் பாருங்கள். ஐரோப்பாவில் இதை வைத்து ஒரு பழைய விடுகதையே உண்டு. ஐந்து சகோதரர்கள், இரண்டு பேருக்குத் தாடி, இரண்டு பேருக்குத் தாடி இல்லை, ஒருவருக்குப் பாதித் தாடி. இரண்டு புல்லி இதழ்களில் இரு ஓரமும் பிசிறு இருக்கும், இரண்டில் இருக்காது, ஒன்றில் ஒரே ஓரத்தில் இருக்கும்.

காரணம் மொட்டில் அடுக்கிய வரிசை. ஓரம் வெளியே தெரிந்தால் பிசிறு வளரும், இன்னொன்றின் அடியில் மறைந்தால் வளராது. ஐந்தும் ஒரே நேரத்தில் தோன்றுவதில்லை. ஒன்றுக்கு அடுத்தது பக்கத்தில் வராமல், ஒன்றைத் தாண்டி 144 பாகை தள்ளி வருகிறது. முதலில் வந்த இரண்டும் முழுக்க வெளியே, மூன்றாவது பாதி வெளியே, கடைசி இரண்டும் முழுக்க உள்ளே. இப்போது தாளில் அவற்றைப் பிறந்த வரிசைப்படி 1, 2, 3, 4, 5 என்று கோடு போட்டு இணைத்து, மறுபடி 1க்கு வாருங்கள். கையெடுக்காமல் நாம் சின்ன வயதில் போடுவோமே, அதே ஐந்துமுனை நட்சத்திரம் வரும். முன்பக்கம் வட்டமாகத் தெரிகிற ரோஜாவின் முதுகில் அது இருக்கிறது.

ஓவியத்தில் இன்னொன்று. அமெரிக்க ஓவியர் ஜார்ஜியா ஓகீஃப் 1932இல் ஊமத்தம்பூவைப் பெரிய திரையில் வரைந்தார். ஊமத்தையைப் பக்கவாட்டில்தான் நமக்குப் பழக்கம், ஊதுகுழல் வடிவம். அவர் நேர் முன்னே நின்று பார்க்கிறார். குழல் மறைந்துபோகிறது. வெள்ளை வட்டம், ஓரத்தில் வால் மாதிரி இழுத்த முனைகள், நடுவே பச்சை ஆழம். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு ஊமத்தையைக் குழலாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

அந்திப்பூ

இரவு நட்சத்திரங்களில் ஒன்றைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியக் கூடாது. மடகாஸ்கரின் ஆங்க்ரேகம் செஸ்குவிபெடாலே என்ற ஆர்க்கிட். மெழுகு வெள்ளையில் ஆறு முனை. பின்னால் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு தேன்குழல் தொங்கும், தேன் அடியில் கொஞ்சம்தான். 1862இல் டார்வின் இதைப் பார்த்துவிட்டு, அவ்வளவு நீள உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சி ஒன்று அங்கே இருந்தாக வேண்டும் என்று எழுதினார். அப்படி ஒரு பூச்சியை யாரும் பார்த்திருக்கவில்லை. 1903இல்தான் அந்தப் பூச்சி விவரிக்கப்பட்டது, டார்வின் இறந்து 21 வருடம் கழித்து. ஒரு பூவை ஒருவர் எவ்வளவு நம்பிப் பார்த்திருக்கிறார் பாருங்கள்.

மொட்டுக்காவல்

ஹோயா என்ற கொடியை வளர்ப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா? என்னுடையது நான்கு வருடம் வெறும் இலையாகவே இருந்தது. இந்த வருடம் ஒரு குடைக்கொத்து. வெல்வெட் மாதிரி ஐந்து முனை நட்சத்திரம், அதன் மேலே மெழுகில் வார்த்த மாதிரி இன்னொரு சின்ன நட்சத்திரம். எருக்கம்பூவின் நடுவில் நிற்கும் கிரீடமும் இதுவும் ஒரே குடும்பத்து அமைப்புதான். தெரியாமல் வாங்கியவர்களுக்கு ஒரு வேண்டுகோள், பூ உதிர்ந்த பிறகு அந்தக் காம்பை வெட்டிவிடாதீர்கள். அடுத்த கொத்து அதே காம்பில்தான் வரும்.

அதே பெரிய குடும்பத்தில் ஸ்டபீலியா என்று ஒன்று. பெரிய வகையில் பூ ஒரு சாப்பாட்டுத் தட்டைவிட அகலம், மிக அழகான ஐந்து முனை. வாடையோ அழுகிய இறைச்சி, ஈக்களுக்காக. கிட்டே போய்ப் பாருங்கள் என்று எல்லோருக்கும் சொல்வேன், இதற்கு மட்டும் கொஞ்சம் தள்ளி நின்றே.

பனிமுகடு

இலைநிழல், திருத்தியதற்கு நன்றி. சாமந்தியின் நடுத்தட்டைப் பிரித்துப் பார்த்தேன். இருக்கிறது, ஐந்து முனை.

ஏழு முனை யாராவது பார்த்திருக்கிறீர்களா? வடக்கு ஐரோப்பாவின் ஊசியிலைக் காடுகளில் டிரையென்டாலிஸ் என்று ஒரு குட்டிச் செடி. இலைகள் ஒரே அடுக்காக வட்டமாக நிற்கும், மேலே நூல் மாதிரிக் காம்பில் ஒரே வெள்ளைப் பூ, பெரும்பாலும் ஏழு இதழ். பூக்களில் ஏழு என்பது அபூர்வம். ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் மகரந்தத்தாள்களின் எண்ணிக்கையை வைத்துத் தாவரங்களைப் பிரித்தபோது ஏழுக்கென்று ஒரு தனி வகுப்பே வைத்தார், அதில் சேர்ந்த செடிகள் மிகக் குறைவு. இது அதில் ஒன்று.

காட்டுப்பாதை

நேற்று அதே இடத்துக்குப் போனேன். காலையில் மேகமாக இருந்தது, பூக்கள் எல்லாம் மூடிக் கிடந்தன, ஒரு நட்சத்திரம்கூட இல்லை. வெயில் வரும்வரை உட்கார்ந்திருந்தேன். திறந்ததும் ஓர் இதழை மட்டும் இழுத்தேன். இரண்டு துண்டும் ஒன்றாக வந்தன. ஐந்துதான்.

தண்டில் மயிர்வரிசையும் இருந்தது இலைநிழல், கணுவுக்குக் கணு பக்கம் மாறி. கரிக்கோல் சொன்னபடி பூவைத் திருப்பியும் பார்த்தேன். வெள்ளை இதழ்களைவிடக் கொஞ்சம் நீளமாக ஐந்து பச்சைப் புல்லி இதழ்கள், வெள்ளை முனைகளுக்கு இடைப்பட்ட இடத்தில் சரியாக விழுந்திருந்தன. முன்னால் வெள்ளை நட்சத்திரம், அதன் இடைவெளிகளில் பச்சை நட்சத்திரம். முதல் நாள் வரைந்த படத்தில் பச்சையை நான் வரையவே இல்லை. இன்று புதிதாக ஒன்று வரைந்துகொண்டிருக்கிறேன், இடைவெளியிலிருந்து தொடங்கி.